பாலிஷ் டப்பாவில் ஒரு முள்

பாய்லர்காரருக்கு முள் இல்லாத எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. பால் சூடாகிவிட்டதா என்று மனைவி டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பதை அவர் ஒருவகைக் காட்டுமிராண்டித்தனமாகவே கருதினார். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நெற்றியில் கை வைக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்கு இரவல் போன தெர்மாமீட்டர் திரும்பி வரும்வரை காய்ச்சல் காத்திருக்க வேண்டியதுதான். “கைக்கு என்ன தெரியும்? நேத்து ஒண்ணு சொல்லும், இன்னைக்கு ஒண்ணு சொல்லும்” என்பார். ஆட்களை நம்பாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஆட்களிடம் முள் இல்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் வந்து குவிகிற ஒரு சலவை ஆலையில் பத்தொன்பது வருடமாக அவர் பாய்லர் பார்க்கிறார். பாய்லர் என்பது, லாரியை ஆட்டோவுக்குள் அடைத்தாற்போல, இருக்கிற இடத்துக்குப் பெரிதாகப் படுத்திருக்கும் ஓர் இரும்பு உருளை. வயிற்றில் விறகு எரியும். மேலே ஆவி சேரும். அந்த ஆவி ஒரு குழாய் வழியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு அயர்ன் ஹாலுக்குப் போகும். அங்கே பதினெட்டுப் பெண்கள் பதினெட்டு ஸ்டீம் பிரஸ்களில் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருப்பது ஒரு செங்கல் கனமுள்ள சுவர்.

பாய்லரின் நெற்றியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிரஷர் மீட்டர். ஏழு கிலோவில் வேலை; ஒன்பதில் சிவப்புக் கோடு. அரை மணிக்கு ஒருதரம் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று, முள்ளைப் பார்த்து, லாக் புக்கில் எழுதுவார். பின்னால் தள்ளி நிற்பது மரியாதைக்காக.

இந்தக் கதை தொடங்குகிற திங்கட்கிழமையன்று அந்த முள் ஏழில் நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நின்று என்றால், நின்றே போய். பாய்லரிலிருந்து மீட்டருக்கு ஏறுகிற சுருட்டைக் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டுவிட்டது. அடைத்த நேரத்தில் உள்ளே சிக்கியது ஏழு. இனி பாய்லருக்குள் என்ன நடந்தாலும் முள் ஏழைத்தான் காட்டும். இது அங்கே யாருக்கும் தெரியாது. ஆலை ஏழு நாளும் ஓடுவது. ராத்திரி ஷிஃப்ட்காரர் நெருப்பை மூடி வைப்பாரே தவிர அணைக்க மாட்டார். அதனால் பாய்லர் ஆறவும் இல்லை, குட்டு உடையவும் இல்லை. முன்பெல்லாம் விடிகாலையில் நாலுக்கு இறங்கிக் கிடக்கிற முள் இப்போது காலையிலும் ஏழிலேயே நிற்பதைப் பார்த்து, ‘பரவாயில்லை, ராத்திரிக்காரர் திருந்திவிட்டார்’ என்று பாய்லர்காரர் மனதாரப் பாராட்டினார். ஏழு என்பது நல்ல செய்தி. நல்ல செய்தியை யாரும் சுரண்டிப் பார்ப்பதில்லை.

மேனேஜருக்கு அந்த லாக் புக்கைப் பார்த்ததும் கண் கலங்காத குறை. பன்னிரண்டு நாள், பக்கத்துக்குப் பக்கம், ஏழு, ஏழு, ஏழு. “இதுக்குப் பேருதான் சார் வேலை” என்று பாய்லர்காரரின் தோளைத் தட்டினார். அந்த எண்களை ஒரு வரைபடமாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, ஆபீஸ் வாசலில் தொங்கவிட்டார். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு போல இருந்தது வரைபடம். ஸ்கேல் வைத்துப் போட்டதுதான்.

இதற்கிடையில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது விறகு. போன மாதக் கடைசியில் ஈர விறகு நின்று, உடைத்த பெட்டிப் பலகைகள் வர ஆரம்பித்தன. காகிதம் மாதிரிக் காய்ந்தவை. அடுப்பு வாயில் போட்டதும் பிடித்துக்கொள்ளும். ஈர விறகுக்கு எட்டு மணிக்குள் ஐந்து கூடை என்பது வழக்கம். பலகைக்கும் அதே ஐந்து கூடை. முள் ஏழைத் தாண்டினால் அல்லவா குறைப்பது?

இரண்டாவது சேஃப்டி வால்வு. ஒன்பதுக்கு மேல் ஏறினால் தானே திறந்து ஆவியை வெளியே விட வேண்டியது அது. மீட்டர் செத்த நான்காம் நாள் காலையில் வால்வு சீறத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் மேனேஜருக்குப் போனில் எதிர்முனைப் பேச்சு கேட்கவில்லை. பாய்லர்காரர் முள்ளைப் பார்த்தார்: ஏழு. ஒன்பதில் திறக்க வேண்டிய வால்வு ஏழில் திறக்கிறது. ஆகவே வால்வு கெட்டுவிட்டது. ஸ்பேனரை எடுத்து, தன் கையாலேயே நட்டை இரண்டு சுற்று இறுக்கினார். சீறல் நின்றது. இருந்த இரண்டு சாட்சிகளில் உண்மை சொன்னவரின் வாயைக் கட்டிவிட்டு, பொய் சொன்னவருக்குச் சட்டம் மாட்டியாயிற்று.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல மிச்சமிருந்தவை விரிப்புகள்தான். அவை கருகின.

அயர்ன் ஹாலில் சுவரை ஒட்டிய முதல் பிரஸ், பாய்லர்காரரின் மச்சினியுடையது. மனைவியின் கூடப்பிறந்த தங்கை. இரண்டு பிள்ளைகள், வேலை தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு புருஷன். நாலு வயிறும் அந்த பிரஸ்ஸை நம்பித்தான். ஒரே வாரத்தில் அவளுடைய கைக்குக் கீழே இரண்டு விரிப்புகள் பழுப்பேறிக் கருகிவிட்டன. மேனேஜர் விசாரணை வைத்தார்.

“ஸ்டீம் அதிகமா வருது சார். குழாய் பாடுது. சுவத்துல கை வைக்க முடியல.”

“நீங்க சொல்லுங்க” என்று மேனேஜர் பாய்லர்காரரைப் பார்த்தார்.

பாய்லர்காரருக்கு இக்கட்டுதான். வீட்டுப் பெண். ஆனால் முள்? “ஏழு இருக்கு சார். நேத்தும் ஏழு. அதுக்கு முந்தின நாளும் ஏழு.”

“அப்போ கைதான் கவனமா இல்ல.”

“கைதான் சார்” என்றார் பாய்லர்காரர்.

முதல் கருகலுக்கு ஒரு மெமோ, இரண்டாவதற்கு இன்னொன்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். மேனேஜர் முன்யோசனைக்காரர், மூன்றாவதையும் அவள் பெயர் போட்டு டைப் அடித்து மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருந்தார். தேதி மட்டும்தான் பாக்கி.

அன்றிலிருந்து மச்சினி பாய்லர்காரரிடம் பேசுவதில்லை. பஸ் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால் பைக்கின் பின்னால் மட்டும் உட்கார்ந்து வந்தாள், அவரைத் தொடாமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி.

அந்தத் திங்கட்கிழமை பைக் நடுரோட்டில் நின்றது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் கிளிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஹாரன் தொண்டை கட்டின ஆடு மாதிரிக் கத்தியது. பாட்டரி புதுசு; ஆறு மாதம்கூட ஆகவில்லை. கிக்கரை உதைத்து உதைத்துப் பாய்லர்காரருக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. கடைசியில் மச்சினி இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினாள். வாய் திறக்காமல் தள்ளினாள். திட்டியிருந்தால் பைக் இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மெக்கானிக் பாட்டரியை முகர்ந்து பார்த்துவிட்டு, “சார்ஜ் ஏறலைன்னு நினைக்கிறேன் சார்” என்றார்.

“நினைக்கிறீங்களா?”

“ஒரு அனுபவந்தான்.”

பாய்லர்காரருக்கு உடம்பு கூசியது. பதினோரு வருடமாகத் தானும் குடும்பமும் முள் ஒன்று குறைகிற ஒரு இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிவந்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேகத்துக்கு முள் இருக்கிறது. பெட்ரோலுக்கு முள் இருக்கிறது. பாட்டரிக்குள் எத்தனை வோல்ட் என்று கேட்டால் வண்டி மௌனம் சாதிக்கிறது.

வேலை முடிந்ததும் நேரே டிவி ரிப்பேர்க் கடைக்குப் போனார். டிவிக்காரர் அவருக்குப் பழக்கம். வாய் ஓயாத மனிதர்.

“ரெடிமேடா சின்னதா வருதுண்ணே. சிவப்பு நம்பர் எரியும். வாங்கி மாட்டிக்கலாமே.”

“நம்பர் வேணாம். நம்பர் திடீர்னு மாறும். எங்கேருந்து எங்கே போச்சுன்னு தெரியாது. முள்ளு வேணும்.”

“உங்களுக்கு முள்ளுல எதுவும் பரம்பரைச் சொத்து இருக்காண்ணே?” என்றபடி டிவிக்காரர் பழைய சாமான் பெட்டியைக் குடைந்தார். செத்துப்போன ஒரு டேப் ரிக்கார்டரிலிருந்து பாட்டுச் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற குட்டி மீட்டர் ஒன்றைக் கழற்றினார். தபால்தலை பெரிதாக இருந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. “காதல் பாட்டா ஆடி ஆடிக் களைச்ச முள்ளு. இனிமே பாட்டரிக்கு ஆடட்டும்.”

வேலை இரண்டு சாயங்காலம் எடுத்தது. பத்து வோல்ட்டை அப்படியே தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் ஒரு ஜீனர் டையோடு. பத்துக்கு மேலே வருவது மட்டும் முள்ளுக்குப் போகும், அப்போதுதான் பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவே முள் தாராளமாக நகரும். மீதியை அடக்க ஒரு ரெசிஸ்டர். கூடு ஒரு காலி ஷூ பாலிஷ் டப்பா. மூடியில் சதுரமாக வெட்டி, உள்ளே கண்ணாடித் தாள் ஒட்டியாயிற்று. அதிர்வுக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டு. மகள் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துவந்து, வெள்ளை அட்டையில் பதினொன்றிலிருந்து பதினைந்துவரை கோடு போட்டுத் தந்தாள். டிவிக்காரரின் மல்ட்டிமீட்டர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கோட்டையும் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபார்த்தார். பாட்டரியில் நேரே கொடுத்தால் மீட்டரே ராப்பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குடித்துக்கொண்டிருக்கும் என்பதால், சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஒயரில் ஒரு ஃபியூஸ் வைத்துக் கொடுத்தார்கள்.

புதன்கிழமை காலை, ஹேண்டில்பாரில் கருப்புப் பாலிஷ் வாசனையோடு மீட்டர் வேலைக்குச் சேர்ந்தது. முதல் நாளே துப்புத் துலக்கிவிட்டது. என்ஜினை முறுக்கினால் பதினாலுக்கு ஏற வேண்டிய முள், பதினொன்றே முக்காலில் சோர்ந்து கிடந்தது. ஆக, சார்ஜ் ஏறவே இல்லை. பாய்லர்காரர் ஒயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்து, சீட்டுக்கு அடியில் ஒயர்களை இணைக்கிற கப்ளர் கருகிப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். மாற்றியதும் முள் எழுந்து பதினாலில் போய் உட்கார்ந்தது. வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது.

“பார்த்தியா?” என்றார் மனைவியிடம்.

“ஷூ வாங்கித் தரச் சொன்னா டப்பாவை மட்டும் வண்டியில மாட்டிட்டு வந்திருக்கீங்க. பார்த்தேன்.”

ஆனால் ஒரு குறை. முள் நிற்கவில்லை. இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து கண்ணடித்தது. பிரேக் விளக்கு எரிந்தால் குனிந்தது. ஹாரனுக்குத் தலையைத் தொங்கப்போட்டது. பத்தொன்பது வருடம் பெரிய மீட்டரோடு பழகிய மனிதருக்கு இது ஒழுக்கக் குறைவாகப் பட்டது. வியாழன் சாயங்காலம் மறுபடி டிவி கடை.

“என்னண்ணே, ஆடுதா? ஆடத்தான் செய்யும்.”

“எங்க பாய்லர்ல வந்து பாருங்க. பதினஞ்சு நாளா ஒரு நூல் அசையல. மீட்டர்னா அது.”

“அவ்வளவு பெரிய மனுஷன்கூட இதைச் சேர்த்துப் பேசாதீங்கண்ணே, பாவம்” என்று டிவிக்காரர் முள்ளுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சரைப் பற்றவைத்தார். துடிப்பு அடங்கியது. முள் இப்போது யோசித்து யோசித்து, கௌரவமாக நகர்ந்தது. பாய்லர்காரர் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. மேனேஜர் புதுச் சட்டை. வரைபடத்தின் கண்ணாடியைத் துடைத்துவைக்கச் சொல்லியிருந்தார். பாய்லர்காரர் ஆறு மணிக்கே வந்து, ஐந்து கூடைப் பலகையையும் போட்டுவிட்டு, ஏழு ஐம்பதுக்கு வாட்ச்மேனிடம் மீட்டரைக் காட்ட கேட்டுக்கு வந்தார். மூன்று நாளாகக் காட்டாத ஆள் அவர் ஒருவர்தான் பாக்கி.

“சாவி போடறேன், பாருங்க. என்ஜின் இல்ல. பன்னிரண்டரை. இப்போ ஹெட்லைட்.” முள் நிதானமாகக் கொஞ்சம் இறங்கியது. “ஹாரன்.” அழுத்தியே பிடித்தார். தெருவில் போன இருவர் திரும்பி முறைத்தார்கள். முள் இன்னும் இறங்கியது. விட்டதும் ஏறியது.

“ஏன் சார் இறங்குது?”

“எடுத்தா இறங்காதா? உள்ளே இருக்கிறதை எடுத்தா இறங்கும், விட்டா ஏறும். இறங்கலேன்னா அது எதுக்கு மீட்டர்?”

வாட்ச்மேன் மரியாதையாகத் தலையாட்டினார். “ஆனா உள்ளே பாய்லர்ல இருக்கிறது இறங்கவே இறங்காதாமே சார். மேனேஜர் எல்லார்கிட்டயும் சொல்றாரு. எவ்வளவு எடுத்தாலும் ஏழாம். அது ரொம்ப ஒசத்தி சரக்கு போலிருக்கு.”

பாராட்டாகத்தான் சொன்னார். பாய்லர்காரரும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டு, சிரித்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாய்லர் அறைக்கு நடந்தார். பாதி வழியில் எட்டு மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டுப் பெண்கள் பதினெட்டு வால்வுகளைத் திறந்தார்கள். குழாய்க்குள் ஆவி ஓடுகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம். இன்றைக்கு அது அவருக்கு ஒரு மிகப் பெரிய ஹாரன் போலக் கேட்டது.

மீட்டர் எதிரே போய் நின்றார். இரண்டடி தள்ளி நிற்க மறந்துபோனார். ஏழு. ஆவி ஓடிக்கொண்டே இருந்தது. ஏழு. பதினெட்டு பிரஸ் ஒன்றாக இழுக்கும்போது முன்பெல்லாம் முள் அரை கிலோ இறங்கி, பிறகு மெதுவாக ஏறும். எட்டு மணி எண்ட்ரியில் எப்போதும் ஆறரை என்று எழுதுவதுதான் வழக்கம். ஆறரை எழுதி எத்தனை நாள் ஆயிற்று?

லாக் புக்கைப் புரட்டினார். விரலில் எச்சில் இல்லை. ஏழு, ஏழு, ஏழு. பதினாறு நாளுக்கு முந்தைய பக்கத்தில்தான் கடைசியாக ஓர் ஆறரை கிடந்தது. அதற்குப் பிறகு அத்தனையும் அவருடைய அழகான கையெழுத்து.

கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார். ஏழு. உள்ளங்கையால் அறைந்தார். ஏழு. பக்கத்தில் ஃபீட் பம்ப் தண்ணீரை உள்ளே தள்ள முடியாமல் முனகியது. இந்த முனகலை அவர் நாலைந்து நாளாகவே கேட்டிருந்தார். பம்ப்புக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே சேஃப்டி வால்வு சத்தமே இல்லாமல் இருந்தது. அவர் கையால் போட்ட இரண்டு சுற்று.

அப்படியானால் உள்ளே எத்தனை? பத்தா, பன்னிரண்டா? கேட்பதற்கு ஆளில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகப் பாய்லர்காரர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததில் அவர் யோசித்தது குறைவு. அடுப்புக்குக் காற்றை இழுக்கிற டேம்பரை மூடினார். சாம்பல் கதவை அடைத்தார். அயர்ன் ஹாலுக்குள் ஓடி, “எல்லாரும் வெளியே போங்க! வால்வு திறந்தே இருக்கட்டும், மூடாதீங்க. அப்படியே விட்டுட்டு முற்றத்துக்குப் போங்க!” என்று கத்தினார். அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்கள் அவரையும் ஒருவரையொருவரும் பார்த்தார்கள்.

முதல் பிரஸ்ஸில் நின்ற மச்சினி எட்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “ஏன் மாமா, மீட்டர்ல எத்தனை?”

“ஏழு.”

“ஏழுன்னா நல்லதுன்னுதானே அன்னைக்குச் சொன்னீங்க.”

“அந்த முள்ளு செத்துப்போச்சும்மா. பதினாறு நாளாச்சு. நீ சொன்னதுதான் நிஜம். ஓடு!”

அவள் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு, அடுத்த பிரஸ் பெண்ணின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. பதினெட்டுப் பேரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு வெளியேறுகிற நேரத்தில் எதிரே மேனேஜர் புதுச் சட்டையோடு வந்து நின்றார்.

“என்ன சார் இது? பதினோரு மணிக்கு ஆள் வர்றாங்க!”

“பாய்லர் சரியில்ல சார்.”

“மீட்டர் என்ன காட்டுது?”

“ஏழு காட்டுது.”

“அப்புறம் என்ன பிரச்சினை?”

“அதுதான் சார் பிரச்சினை!”

மேனேஜர் பாய்லர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். முள் அவரைப் பார்த்து ஏழு என்றது. “கரெக்ட்டாத்தானே இருக்கு” என்றார், குரலில் நிம்மதியோடு. பாய்லர்காரர் நீளக் கம்பியை எடுத்து, அடுப்பு வாயைத் திறந்து, எரிகிற பலகைகளை வெளியே இழுத்துத் தள்ள ஆரம்பித்தார். முதல் தணல் சிமெண்ட் தரையில் விழுந்து சிதறியது. இரண்டாவது மேனேஜரின் ஷூவுக்கு ஓர் அடி தள்ளி விழுந்தது. மூன்றாவதற்கு மேனேஜர் அங்கே இல்லை.

நெருப்பை முழுக்க இழுத்துப் போட அவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. அந்த இருபது நிமிடமும் தலைக்கு மேலே, இரும்புக்குள்ளே, யாரோ பல்லைக் கடிப்பது போல மெல்லிய ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. புருவம் பொசுங்கியது. அவர் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் ஏழு என்று சொல்லும், ஒரு கணம் நம்பிவிடக்கூடும் என்று பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத பதினெட்டு பிரஸ்களும் சீறிக்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சீறல் மூச்சாயிற்று, மூச்சு முனகலாயிற்று, பிறகு அதுவும் இல்லை.

பதினோரு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். முற்றத்தில் பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்ட்ரைக்கா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மதியம் பாய்லரின் வயிற்றைத் தொட முடிந்தது. மாலை நாலு மணிக்கு அது கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நெருப்பில்லை, ஆவியில்லை. முள் ஏழில் நின்றது. மேனேஜர் அதன் எதிரே போய் நின்று, பார்த்துவிட்டுப் போனார். வாசலில் இருந்த வரைபடத்தைப் போகிற போக்கில் கழற்றி, முகம் சுவர்ப் பக்கமாகச் சாய்த்து வைத்தார்.

பாய்லர்காரர் லாக் புக்கைத் திறந்து, சிவப்புப் பேனாவால் எழுதினார்: கடந்த பதினாறு நாள் எண்கள் பாய்லருடையவை அல்ல. வால்வு நட்டை இறுக்கியது நான். விரிப்புகள் கருகியது ஆவியால், ஆளால் அல்ல. கீழே கையெழுத்து.

“இதைக் கிழிச்சிடலாமே” என்றார் மேனேஜர், தன்மையாக.

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு சார்.”

மேனேஜர் பெருமூச்சு விட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். டைப் அடித்து வைத்திருந்த மூன்றாவது மெமோவை எடுத்து, மச்சினியின் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே பாய்லர்காரரின் பெயரை எழுதித் தேதி போட்டார். முன்யோசனை வீண்போகவில்லை. திங்கட்கிழமை விசாரணை. அதுவரை பாய்லரைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பதால் வழக்கம்போல வேலைக்கு வர வேண்டும். முந்தைய இரண்டு மெமோக்களையும் ரத்து செய்யும்படி பாய்லர்காரர் கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்றார் மேனேஜர். பாய்லர்காரர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஃபிட்டர் வந்தார். சுருட்டைக் குழாயைக் கழற்றித் தட்டியபோது வெள்ளையாக ஒரு கட்டி விழுந்தது, சுண்ணாம்பு பென்சில் துண்டு போல. புதுக் குழாய், புது மீட்டர். சேஃப்டி வால்வை ஒன்பதுக்குச் சரிசெய்து, நட்டுக்கு ஈய முத்திரை வைத்தார்.

பாய்லர்காரர் நெருப்பைப் பற்றவைத்து, பாய்லரை மெதுவாக நாலு கிலோவுக்குக் கொண்டுவந்தார். ராத்திரி மூடி வைத்த நெருப்பு விடிகாலையில் அந்த அளவில்தான் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் போட்ட மாதிரியே போட ஆரம்பித்தார். முதல் கூடை. புது முள் நடுங்கிக்கொண்டே ஐந்தரைக்கு ஏறியது. இரண்டாவது கூடை, ஏழு, ஏழேகால். மூன்றாவது கூடை முழுக்கப் பிடிப்பதற்குள் எட்டு, எட்டரை, ஒன்பது. வால்வு திறந்துகொண்டு அலறியது. தெரு நாய்கள் குரைத்தன. ஃபிட்டர் காதைப் பொத்திக்கொண்டு, “டேம்பரை மூடுங்க சார், போதும்!” என்றார்.

மூடினார். முள் இறங்கியது.

அயர்ன் ஹாலின் கதவு திறந்தது. ஷிஃப்ட்டுக்கு முன்னதாகவே மச்சினி வந்திருந்தாள். இன்று நடந்தே வந்துவிட்டாள். பாய்லர் அறை வாசலில் நின்று, அலறி ஓய்ந்த வால்வையும் பிறகு அடுப்பையும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பலகை நிரம்பிய இரண்டு கூடைகள் தொடப்படாமல் இருந்தன.

“எத்தனை கூடைக்கு மாமா கத்துச்சு?”

“மூணு.”

“தினமும் எத்தனை போடுவீங்க?”

பாய்லர்காரர் நெற்றியைத் துடைத்தார். “அஞ்சு.”

அவள் அந்த இரண்டு கூடைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போனாள். அவளுடைய பிரஸ் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது, நகர்த்த முடியாது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் தனக்கும் நடுவில் அந்த இரும்பு இருக்கும்படியாக எதிர்ப்பக்கத்தில் நின்று, கைகளை அதன் மேலாகக் கொஞ்சம் அதிகமாக நீட்டி, முதல் விரிப்பை இழுத்துப் போட்டாள். எட்டு மணிக்குள் மற்ற பதினேழு பேரும் அதே மாதிரி நின்றுகொண்டார்கள்.